நான்கு புள்ளி

செவ்வாய்க்கிழமை மாலை நான்தான் தொலைபேசினேன்.
"நாளைக்கு ரயெனை அனுப்ப வேண்டாம்.
கொஞ்சம் இருமல்போல இருந்தது.
வீட்டிலேயே ஓய்வெடுக்கட்டும்."
மறுமுனையில் எண்ணெயில் ஏதோ பொரியும் சத்தம்.
"இருமலா? இல்லையே" என்றாள் தாய்.
பிறகு எதுவோ பிடிபட்டவள்போல
"நன்றி, டீச்சர்" என்றாள்.
அந்த நன்றியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தொலைபேசியை வைத்தேன்.

தலைமையாசிரியர் ஓயர்சூன் கெட்டவர் இல்லை.
அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.
ஒழுகும் மூன்று அறைகளுக்கும்
சொந்தக் காசில் வாளி வாங்கி வைத்தவர்.
போன வருடம் எங்கள் எண் இறங்கியது.
எண் இறங்கினால் பிள்ளைகள்
மேட்டுத் தெருப் பள்ளிக்குப் போவார்கள்,
தலைக்கு இவ்வளவென்று வரும் மானியமும்
அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு போகும்,
அப்புறம் வாளியும் இருக்காது.
அவர் மேசையில் நான்காம் வகுப்புப் பட்டியல்.
பென்சிலால் நான்கு புள்ளி.
பெயரை அடிக்கக்கூட இல்லை,
பருப்பில் கல் பொறுக்கும் விரல் நுனிபோல
தொட்டுவிட்டு நகர்ந்திருந்தது, அவ்வளவுதான்.
தேர்வுத்தாள் சாந்தியாகோவிலிருந்து வந்துசேருமுன்பே
தேர்வு முடிந்திருந்தது.

புதன்.
வெளியூர் மேற்பார்வையாளர் முத்திரையை உடைத்தார்.
இருபத்தாறு தலைகள் குனிந்தன.
ஜன்னலுக்கு அப்பால் தால்காவானோ துறைமுகம்,
மீன்தூள் ஆலையின் வாடை.
"நிறையப் பேர் வரவில்லையே?"
"காய்ச்சல் சுற்றுகிறது" என்றேன்.
குரல் பிசிறவில்லை.
அன்றைக்கு அந்த அறையில்
முழு மதிப்பெண் எனக்குத்தான்.

புள்ளி வைத்த நால்வரின் முகவரியும் தெரியும்.
மூவர் கால்வாயோரத் தகர வீடுகள்.
வில்னர், ஹைட்டியிலிருந்து வந்து ஏழு மாதம்,
இன்னும் ஸ்பானிய மொழியில் கனவு காணாதவன்.
ரயென் குரிகேயோவுக்கு எழுத்துகள் இடம் மாறும்.
ஆனால் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள்,
தப்பென்றாலும் உரக்கச் சொல்வாள்.

வியாழன்று குதித்துக்கொண்டு வந்தாள்.
"எனக்கு மட்டும் லீவு!"
நாள் முழுக்கக் கார்ட்டூன்,
அம்மா சுட்ட பூசணி ரொட்டி நான்கு.
அந்தப் பெருமை இடைவேளைவரை தாங்கியது.
யார் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.
விசாரித்தால் என் பெயரும் வரும்.

மறுவருடம் மே மாதம் பதாகை கட்டினார்கள்,
நீலத் துணி, வாசலுக்கு மேலே:
பதினொரு புள்ளி உயர்வு!
நகராட்சியிலிருந்து கேக் வந்தது.
ரயென் தலையை அண்ணாந்து
எழுத்தெழுத்தாகப் படித்தாள், ஒன்றும் இடம் மாறாமல்.
"நாம எவ்ளோ ஏறிட்டோம், டீச்சர்."
'நாம' என்றாள்.
கேக் தொண்டையில் சிக்கியதென்று எழுத ஆசைதான்.
சிக்கவில்லை. இரண்டு துண்டு தின்றேன்.

இப்போது அவளுக்கு வேறு ஆசிரியை.
வெள்ளிதோறும் பத்துச் சொல்,
கேட்டு எழுதும் சின்னச் சோதனை,
எந்தப் பதாகைக்கும் போகாதது.
வியாழன் மாலை மணி அடித்ததும்
ரயென் பையை மாட்டிக்கொண்டு
மேசையருகே வந்து நிற்கிறாளாம்.
அழுகை இல்லை, முறைப்பு இல்லை,
கடையில் என்ன வாங்கிவர என்று கேட்பதுபோல:
"நாளைக்கு நான் வரட்டுமா,
வீட்டில் இருக்கட்டுமா?
எது பள்ளிக்கு நல்லது?"

புதியவள் அந்த ஆசிரியை.
ஓய்வறையில் என்னிடம் கேட்டாள்:
"இதை இந்தப் பெண் எங்கே கற்றுக்கொண்டாள்?"

கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.
நான் கோப்பைகளை எண்ணினேன்.
ஏழு.
மறுபடி எண்ணினேன்.